உறை ஊற்றாத தண்ணீர்

அம்பத்தூரில் அக்கா வாங்கிய அடுக்குமாடி வீட்டின் கிரகப்பிரவேசத்தன்று, பால் பொங்குவதற்கு முன்பே மீன் தொட்டி வந்து இறங்கிவிட்டது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். வடகிழக்கு மூலை. அடியில் நீலமும் ரோஸுமாகக் கலர் கல், இரண்டு பிளாஸ்டிக் செடி, காற்று போகும்போதெல்லாம் வாயைத் திறந்து மூடும் ஒரு சிப்பி பொம்மை. எட்டு ஆரஞ்சு கோல்டு ஃபிஷ், ஒரு கறுப்பு. அந்த எட்டும் ஒன்றும் வாஸ்து பார்த்தவர் சொன்ன கணக்கு. வந்த பெரியவர்கள் முதலில் பூஜை அறையையும் அப்புறம் தொட்டியையும் பார்த்தார்கள். குழந்தைகள் தொட்டியை மட்டும் பார்த்தார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை. புதன் காலையில் கறுப்பு மீன் மல்லாந்து மிதந்தது. அக்கா மகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழ, அக்காவின் மாமியார் மட்டும் கலங்கவில்லை. “வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கிச்சு தம்பி. கறுப்பு முதல்ல போறது ரொம்ப நல்லது” என்றார் என்னிடம். வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று, சனி ஒன்று. ஒரே வாரத்தில் ஒரு குடும்பத்தைத் தேடி ஏழு கண்டங்கள் வருமா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அத்தை முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

திருஷ்டிக்கு மீன் செத்தது என்னும் நம்பிக்கையை நான் கிண்டல் செய்ய வரவில்லை. அதில் ஒரு கருணை இருக்கிறது. யார் மேலும் பழி விழுவதில்லை. சிக்கல் என்னவென்றால், பழி விழாத இடத்தில் கேள்வியும் எழுவதில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி எட்டும் ஒன்றும் வாங்கி வந்து விடுவோம். அவையும் போகும். மூன்றாவது தடவை தொட்டி பரணுக்குப் போய், தீபாவளிப் பட்டாசு மிச்சம் வைக்கும் பெட்டியாகிவிடும். சென்னையில் எத்தனை பரண்களில் அப்படிக் கண்ணாடிப் பெட்டிகள் கிடக்கின்றன என்று வீடு மாற்றிக் கொடுக்கும் வண்டிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

அத்தான் தொட்டி வாங்கிய கடைக்கே போய்க் கேட்டார். “உங்க ஏரியா தண்ணி சரியில்ல சார்” என்று சொல்லி ஒரு நீல மருந்து பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார்களாம். கீழ்வீட்டுக்காரர் தீனி அதிகம் என்றார். அலுவலக நண்பர் ஒருவர், மீனே நோஞ்சான் மீன் என்றார். நான் மீதி இருந்த இரண்டு மீன்களை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போய், என் வீட்டு மாடியில் அல்லிக்கொடி வைத்திருக்கும் பழைய சிமென்ட் தொட்டியில் விட்டேன். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர். பார்த்தாலே கை வைக்கத் தோன்றாது. பளிங்குபோல் இருந்த தண்ணீரில் மூச்சுக்குத் தவித்த அந்த இரண்டும், இந்தப் பச்சைத் தண்ணீரில் மறுநாளே கொசுப்புழுவைத் துரத்திக்கொண்டிருந்தன.

அங்கேதான் எனக்குக் கேள்வி பிறந்தது. கொளத்தூருக்குப் போனேன்.

வண்ணமீன் வியாபாரத்தில் கொளத்தூர் பெயர் தெரியாதவர்கள் இந்தியாவிலேயே குறைவு. தெருவின் இரு பக்கமும் கடைகள். சுவரை மறைத்து அடுக்கிய தொட்டிகள். ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பைகள். சுற்றுவட்டாரத்திலும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களிலும் சிமென்ட் தொட்டிகளில் வளரும் மீன்கள் இங்கே வந்து சேர்ந்து, இங்கிருந்து வெளிமாநிலங்களுக்குப் போகின்றன. ஒரு கடையின் பின்புறம் ஃபில்டர் கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் என் கதையைத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“தொட்டி என்னைக்கு வாங்கினீங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

“மீனு?”

“அன்னைக்கேதான்.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த கறுப்புப் பஞ்சைக் காட்டி, “உறை ஊத்தாம பால வெச்சுட்டு தயிர் ஆவலன்னா எப்படி சார்?” என்றார்.

வேதியியல் புத்தகங்கள் நாலைந்து பக்கம் விளக்குவதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

மீன் எதைத் தின்றாலும் அதிலுள்ள புரதம் செரித்து, கடைசியில் அம்மோனியாவாக வெளியே வர வேண்டும். நாம் அந்த அம்மோனியாவைக் கல்லீரலில் யூரியாவாக மாற்றிச் சேர்த்துவைத்துக் கழிக்கிறோம். மீனுக்கு அந்தச் செலவு இல்லை. சுற்றிலும் தண்ணீர், செவுள் வழியாக மூச்சோடு மூச்சாக அம்மோனியாவைக் கசியவிட்டுவிடுகிறது. ஏரியிலும் ஆற்றிலும் அந்தக் கசிவு கடலில் கரைத்த பெருங்காயம். கண்ணாடிப் பெட்டியில் அப்படியல்ல. மீன் சுவாசிக்கும் தண்ணீரும் அதன் கழிவறையும் ஒன்றே.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா வீட்டுத் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். அடியில் கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். கடையில் விற்கும் தீனியில் சுமார் 40 சதவீதம் புரதம். அந்தத் தீனி 1 கிராம் போட்டால், மீன் பண்ணைகளில் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி ஏறத்தாழ 37 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். 45 லிட்டரில் அது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம். ஒரே நாளில். 1 கிராம் தீனி என்பது தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. ஒன்பது மீன் இருந்த தொட்டியில் கிரகப்பிரவேசத்துக்கு வந்த குழந்தைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டதை நானே பார்த்தேன்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அவ்வளவாக ஆளைக் கொல்லாது. இன்னொன்று கரைந்த வாயுவான அசல் அம்மோனியா. செவுளை எரிப்பது அதுதான். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெயில் ஊரில், பி.எச். 7 என்றால் நச்சு வேடத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. பி.எச். 8 ஆனால் அதுவே சுமார் ஏழரைப் பங்கு. சென்னையின் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டி நிற்கிற கடின நீர். ஆக, 0.8-இல் ஏழரை சதவீதம், 0.06 மில்லிகிராம். மீன் வளர்ப்பில் பொறுக்கலாம் என்று வைத்திருக்கும் எல்லை 0.02. முதல் நாள் மூன்று மடங்கு, இரண்டாம் நாள் ஆறு, மூன்றாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள்தான் புதன்கிழமை.

வெளியே அம்மோனியா ஏறிவிட்டால் உள்ளே இருப்பது வெளியேற முடியாமல் மீனின் இரத்தத்திலேயே தங்கிவிடும். செவுள் சிவந்து வீங்கும். மீன் தண்ணீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளக்கும். “பசிக்குது பாருங்க, மேலே வந்து கேக்குது” என்று அந்த நேரத்தில் நாம் இன்னொரு சிட்டிகை தீனி போடுவோம்.

மாடித் தொட்டியில் இது ஏன் நடக்கவில்லை? அங்கே பாசி இருக்கிறது, அல்லிக்கொடி இருக்கிறது. அம்மோனியா அவற்றுக்கு உரம். அதைவிட முக்கியமாக, சிமென்ட் சுவரெல்லாம் வழுவழுவென்று ஒரு படலம். அதில் குடியிருப்பவைதான் பெரியவர் சொன்ன உறை. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேரும்வரை மீனுக்குத் தீங்கு குறைவு; வாரம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் தீர்ந்தது. கழிவைத் தின்று பிழைக்கும் இந்தக் கூட்டம் இல்லாத தொட்டி, துப்புரவுப் பணியாளர் ஒருவர்கூட இல்லாமல் ஒரே நாளில் குடியேற்றிய நகரம்.

இந்தக் கூட்டம் சோம்பேறிக் கூட்டம். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இவை ஒன்று இரண்டாக அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை எடுத்துக்கொள்ளும். காரணம், தின்னும் சாப்பாடு அப்படி. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் சொற்ப சக்தியில் தண்ணீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உடம்பைக் கட்ட வேண்டும். அதனால்தான் புதுத் தொட்டி தானாகப் பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகிறது.

இதை முதன்முதலில் பார்த்தவர்களுக்கு மீன் தொட்டியே நினைவில் இல்லை. அவர்கள் பார்த்தது சாக்கடை. 1877-இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு அறிவியலாளர்கள் நீண்ட குழாய் ஒன்றில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, கழிவுநீரை மெதுவாக உள்ளே விட்டார்கள். உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 20 நாள் அப்படியே வந்தது. அதன் பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. மயக்க மருந்துக்கு மயங்குகிறது என்றால் உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் மண் கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். மறுபடி வேலை தொடங்கியது. அதாவது உறை ஊற்றினார்கள். அந்த உயிரைத் தனியே பிரித்தெடுத்தவர் வினோகிராட்ஸ்கி, 1890-இல். அவருக்கு முன்னால் முயன்றவர்கள் நல்ல சத்துள்ள கூழில் வளர்க்கப் பார்த்துத் தோற்றார்கள். இது சத்தான சாப்பாட்டில் வளரும் சாதியில்லை என்று கண்டுகொண்டதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

மீன் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பல காலம் எல்லாரும் நம்பினார்கள். 1998-இல்தான், நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2015-இல் இன்னொரு திருப்பம்: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்வரை இரண்டு வேலையையும் ஒரே உயிர் செய்யும் நைட்ரோஸ்பைரா வகைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று கிடைத்த இடம், மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் ஃபில்டர். கொளத்தூர்ப் பெரியவரின் கறுப்புப் பஞ்சை அன்றிலிருந்து நான் மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.

சரி, தண்ணீருக்கு வருவோம். “உங்க ஏரியா தண்ணி சரியில்ல” என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சென்னையில் வீட்டுக்கு வீடு மூன்று விதத் தண்ணீர்: மெட்ரோ, போர், கேன். மூன்றும் மூன்று விதமாகக் கொல்லும்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின். குடிநீரில் கிருமி தங்காமல் இருக்க, குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதில் பத்தில் ஒரு பங்கு நீடித்தால்கூட நன்னீர் மீனுக்கு ஆபத்து. அந்தக் குளோரின் மீனின் செவுளை மட்டும் அரிப்பதில்லை. கல்லிலும் பஞ்சிலும் அப்போதுதான் குடியேறத் தொடங்கிய நுண்ணுயிரையும் துடைத்துவிடும். ஒரு வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டால் போய்விடும். அவசரத்துக்கு ஹைப்போ. இதைத்தான் கடைகளில் ஆன்டி குளோரின் என்று குட்டி பாட்டிலில் விற்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ இருட்டறைகளில் படம் கழுவிய அதே சோடியம் தயோசல்ஃபேட். இருட்டறை போனாலும் மீன் கடையில் பிழைத்துக் கிடக்கிறது.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் பி.எச். ஏறி நிற்பதால் அம்மோனியாவின் பல் கூர்மையாகிவிடும். அதே போர் தண்ணீர் இன்னொரு பக்கம் மீனைக் காப்பாற்றவும் செய்கிறது. அம்மோனியா குறையும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நைட்ரைட் ஏறும். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்துக்குள் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். இரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுமுட்டிச் சாகும். செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் உப்பிலுள்ள குளோரைடும் நுழைகிறது. குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. கடலோரப் போர் தண்ணீரில் உப்பு கரிக்கிறதே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். நைட்ரைட் வாரத்தில் மீனுக்கு அதுதான் காவல். மெட்ரோ தண்ணீர்க்காரர்கள் 45 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் அந்தக் காவல் கிடைத்துவிடும்.

கேன் தண்ணீர் கதை வேறு. “நாங்க குடிக்கிற தண்ணியத்தான் சார் மீனுக்கும் ஊத்தறோம்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் தாது உப்பையெல்லாம் வடித்துவிட்ட தண்ணீர் அது. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்கிப்பிடிக்கும் சுண்ணாம்புச் சத்து இந்தத் தண்ணீரில் இல்லாததால் பி.எச். சட்டென்று சரியும். ரொம்பச் சரிந்தால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும்.

மீன் வீட்டுக்கு வரும் பையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட்டு விட்டுக் கார்பன் டை ஆக்சைடு சேரும். தண்ணீர் புளித்து பி.எச். இறங்கும். கூடவே அம்மோனியாவும் சேர்ந்துகொண்டிருக்கும். ஆனால் புளிப்புத் தண்ணீரில் அது சாது வேடத்தில் இருக்கும். பையைப் பிரித்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய் பி.எச். ஏறும், சாது சாமியார் வேடம் கலையும். பையைத் திறந்துவைத்து அரை மணி, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்க்கிறோமே, நல்லது செய்வதாக நினைத்து. தூரத்திலிருந்து வந்த பை என்றால் அந்த ஒரு மணி நேரம் வினையாகிவிடும். கட்டியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு பிரித்து, மீனை மட்டும் வலையில் அள்ளி விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

புதுவீட்டுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. ஒட்டிய தொட்டியில் வினிகர் வாடை அடித்தால் சிலிக்கான் இன்னும் காயவில்லை. சுவரில் பெயின்ட் வாடை இருந்தால் ஏர் பம்ப் அதையும் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். எல்லாவற்றையும்விட, ராத்திரி பிளக்கில் மாட்டும் கொசு விரட்டி. அதிலிருக்கும் பைரித்ராய்டு நமக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. மீனுக்கு அது மிகக் கொடிய விஷம். கொசு விரட்டி இருக்கும் அறையில் ஏர் பம்ப்பை வைக்காதீர்கள் என்று தொட்டி விற்கும்போதே சொல்லலாம். யாரும் சொல்வதில்லை.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் தண்ணீரில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். கரண்ட் போய் பம்ப் நின்றால் மீன் மட்டுமல்ல, நுண்ணுயிரும் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும்.

இனி நம் வீடுகளில் நடக்கும் பெரிய கொலைக்கு வருகிறேன். இரண்டாம், மூன்றாம் நாளில் புதுத் தொட்டித் தண்ணீர் நீராகாரம்போல் கலங்கும். மிச்சத் தீனியைத் தின்று பெருகும் வேறு வகை பாக்டீரியா அது. கலங்கலால் பயமில்லை, தானே தெளிந்துவிடும். ஆனால் அதைப் பார்த்ததும் நமக்குக் கை நிற்காது. சுத்தம் என்றால் கழுவுவது என்று பழகிய கை. அக்காவும் அதையேதான் செய்தாள். வியாழக்கிழமை மீனையெல்லாம் குடத்தில் விட்டு, கல்லைக் குழாயடியில் அலசி, பஞ்சைச் சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விட்டாள். நாலு நாளில் கஷ்டப்பட்டு ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச நுண்ணுயிரும் சாக்கடைக்குப் போனது. வெள்ளிக்கிழமைதான் மூன்று மீன் செத்தது. தயிர் உறைகிறதா என்று மணிக்கொரு தரம் எடுத்துக் கலக்கிப் பார்த்து, கடைசியில் பாத்திரத்தையே தேய்த்துவைத்த கதை. இதற்கு மேல் அந்த நீல மருந்து வேறு. மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு நல்ல மருந்துதான்; நோயாளி மீனைத் தனி வாளியில் வைத்துப் போட வேண்டியது. தொட்டியில் ஊற்றினால் நல்ல நுண்ணுயிரையும் முடக்கிவிடும்.

மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் முதலாக மீன் வளர்ப்பவர் கையில் கோல்டு ஃபிஷைத் தூக்கிக் கொடுப்பது வியாபாரம், அறம் இல்லை. கெண்டை வகையைச் சேர்ந்தது அது, சாப்பாட்டு ராமன், அதனால் அம்மோனியாவும் அதிகம். ஒரு சாணுக்கு மேல் வளரும். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற கோல்டு ஃபிஷ் 1999-வரை, 43 வருடம் வாழ்ந்து கின்னஸில் ஏறியது. நாம் அதை ஒரு வாரத்துக்கு வாங்குகிறோம். இத்தாலியின் மோன்சா நகரம் 2004-இல் வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வளர்க்கவே தடை போட்டது. இரண்டடித் தொட்டிக்கு ஒன்பது கோல்டு ஃபிஷ் என்று கணக்குக் கொடுத்த வாஸ்துக்காரரை அந்த ஊருக்கு அனுப்பிவைக்கலாம்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு கப்பி, மோலி, பிளாட்டி பொருத்தமானவை. கடின நீர் அவற்றுக்குப் பிடிக்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்னீர் கேட்கும் செல்லப்பிள்ளைகள். சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும்; போடும் கழிவு தின்னும் பாசியைவிட அதிகம். பிறகு வீட்டில் வைக்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். சென்னை ஏரிகளில் வலை போடுபவர்களைக் கேளுங்கள், அந்த முள் உடம்பைச் சபிக்காதவர் இருக்க மாட்டார்.

பெரியவர் தன் கடைத் தொட்டி ஒன்றைக் காட்டி, “இதுல ஆறு மாசமா ஒரு மீனுக்கும் சீக்கு இல்ல” என்றார். அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு பையில் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தார். காபி டிகாக்ஷன் மாதிரி வந்தது. “ஒரு மணி நேரத்துக்குள்ள ஊத்திடுங்க. குழாத்தண்ணி காட்டிடாதீங்க.” எவ்வளவு என்று கேட்டேன். அழுக்குக்கு யாராவது காசு வாங்குவார்களா என்பதுபோல் பார்த்தார். “மீன் இப்ப வாணாம். மூணு வாரம் கழிச்சு வாங்க.” அன்று அவர் என்னிடம் விற்றது அம்மோனியா, நைட்ரைட் அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று மட்டும். மீனும் தொட்டியும் ஒரே நாளில் விற்காத கடைக்காரரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த டிகாக்ஷனை அக்கா வீட்டுத் தொட்டியில் ஊற்றியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மீன் இல்லாவிட்டாலும் நுண்ணுயிருக்குச் சாப்பாடு வேண்டுமே. தினமும் ஒரு சிட்டிகை தீனி. அது அழுகி அம்மோனியா தரும். பம்ப் இரவும் பகலும் ஓடியது. பால்காரர், கேஸ் போடுபவர், மாடிவீட்டு மாமி என்று வருகிறவர்களெல்லாம் தொட்டிக்குள் குனிந்து பார்த்து “மீன் எங்கே?” என்று கேட்டார்கள். “கரண்ட் செலவு பண்ணி, இல்லாத மீனுக்குத் தினமும் சாப்பாடு போடறான் உன் தம்பி” என்று அத்தை அக்காவிடம் எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

அக்கா மகள் மட்டும் என் பக்கம். தினமும் மாலை சொட்டு மருந்து விட்டு, நிறத்தைக் காலண்டரில் எழுதினாள். நாலாம் நாள் அம்மோனியாக் குப்பி பச்சையாகி, ஒரு வாரம் பச்சையிலேயே நின்றது. 12-ஆம் நாள் மங்கத் தொடங்கி, 15-ஆம் நாள் மஞ்சள். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. ஆனால் நைட்ரைட் குப்பி அதற்குள் ஊதாவாகியிருந்தது. “ஒண்ணு போனா இன்னொண்ணு வருது மாமா” என்று சலித்துக்கொண்டாள். ஒன்பது நாள் ஊதா. 24-ஆம் நாள் அதுவும் நீலத்துக்குத் திரும்பியது. இரண்டு நாள் பொறுத்து, அதே நிறம் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது. பாதித் தண்ணீரை மாற்றினோம். ஒரு நாள் காற்று விட்டு வைத்த தண்ணீர்.

ஏற்கெனவே மீனை விட்டுவிட்டு இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், கண்ணுக்குத் தெரிய மிஞ்சாத அளவு போடுங்கள். நல்ல மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது. தினமும் கால்பங்குத் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். கல்லையும் பஞ்சையும் ஒரு மாதம் தொடவே தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமானால், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஒரு முக்கு முக்கிப் பிழிந்தால் போதும். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டி இருந்தால் கொஞ்சம் உறை கேளுங்கள். பக்கத்து வீட்டில் உறை கேட்பது நமக்கொன்றும் புதிதில்லை.

27-ஆம் நாள் கொளத்தூர் போனோம். நாலு கப்பி மட்டும் கொடுத்தார்: ஓர் ஆண், மூன்று பெண். எட்டு கேட்ட அக்கா மகளிடம், “உள்ளே இருக்கிறவங்களுக்கு வேலை பழகட்டும் பாப்பா, அடுத்த மாசம் வா” என்றார். அடுத்த மாதம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்து, தொட்டிக்குள் கொசுப்புழு வந்துவிட்டது என்று அத்தை புகார் சொன்னார். போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் செடியின் இடுக்கில், கண்ணும் வாலுமாக, கடுகளவில் மீன் குஞ்சுகள். அக்கா மகள் எண்ணி 19 என்றாள். திரும்ப எண்ணி 22 என்றாள்.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இத்தனை பேரா?” என்றார். பிறகு தீனி டப்பாவை எடுத்துத் தன் பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டினார். “குழந்தைங்க கண்டபடி போடுதுங்க தம்பி. இனிமே நான் பாத்துக்கறேன்.”